வெயிலில் வண்டி: காற்றை நம்பி ஏமாற வேண்டாம்

பங்குனி, சித்திரையில் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் கோடை உழவு, உளுந்தில் மஞ்சள் தேமல், வாழைக்கு முட்டுக் கொடுப்பது என்றுதான் இருக்கும். இந்த முறை மணிமுத்தாறு பக்கமிருந்து வந்த ஒரு கடிதம் பயிரைப் பற்றியது அல்ல. பயிர் வைப்பவரின் உடம்பைப் பற்றியது. அக்னி நட்சத்திரம் தொடங்கும் நேரம் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

"பிசானம் அறுத்து முடித்தாயிற்று. உழவு வேலை குறைந்தாலும் அலைச்சல் குறையவில்லை. தினம் அம்பாசமுத்திரம், வாரத்தில் இரண்டு நாள் திருநெல்வேலி என்று மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறேன். மதியம் திரும்பும்போது சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, காற்று நெஞ்சில் படும்படி வருவேன். வரும்போது சுகமாக இருக்கிறது. வீட்டில் வந்து இறங்கியதும் அடித்துப் போட்டதுபோல் ஆகிறது, தலை கிறுகிறுக்கிறது. வண்டியில் போகும்போது உடம்பு சூடாகாமல் இருக்க வழி உண்டா?"
- அயன் சிங்கம்பட்டி வாசகர் ஒருவர்

நீங்கள் எழுதிய "சுகம்"தான் இதில் ஆபத்தான பகுதி. நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி செல்சியஸ். அடிக்கிற காற்று 30, 32 டிகிரியில் இருந்தால் அது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காலை எட்டு மணிக்குப் பொத்தானைத் திறந்துவிட்டுப் போவதில் தப்பில்லை. மதியக் காற்று 38, 40 டிகிரியில் இருக்கும்போது கதை தலைகீழ். தோலைவிடக் காற்று சூடு. அப்போது அது உடம்பிலிருந்து சூட்டை எடுக்காது, உடம்புக்குள் சூட்டை ஏற்றும். நெல் அவிக்கும் அடுப்புப் பக்கம் நின்று விசிறிக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான். 40 டிகிரிக்கு மேல் மின்விசிறிக் காற்றையே நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வண்டியில் போகிற நாம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் காற்றுக்குள் போகிறோம். வானிலை ஆய்வு மையம் சொல்லும் 40 டிகிரி நிழலில் அளந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 60 டிகிரிக்கு மேலும் கொதிக்கும். அந்தச் சூடு கீழிருந்து வரும், என்ஜின் சூடு முழங்காலில் அடிக்கும்.

அப்படியானால் போகும்போது சுகமாக இருப்பது ஏன்? வியர்வை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். வியர்வை அதை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். வண்டி வேகத்தில் வியர்வை வந்த நொடியே காய்ந்துவிடுவதால், வியர்ப்பதே நமக்குத் தெரிவதில்லை. வயலில் நின்றால் சட்டை நனைகிறது, "தண்ணி குடிக்கணும்" என்று தோன்றுகிறது. வண்டியில் சட்டை காய்ந்தே இருக்கிறது, உள்ளே தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது.

நான் படித்த படிப்பில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. மேல்காற்று வீசும் நாளில், வயலில் ஈரம் இருக்கும்போதே மதியம் நெல் இலை சுருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இலை வழியாகப் போகும் வேகத்துக்கு வேர் தண்ணீரை ஏற்றித் தர முடியவில்லை. அதனால் பயிர் இலையைச் சுருட்டிக்கொள்கிறது, சாயங்காலம் தானே விரிகிறது. பயிருக்கு இருக்கும் அந்தப் புத்தி வண்டியில் போகும் நமக்கு இல்லை. நாம் பொத்தானைத் திறந்துவிடுகிறோம்.

இதைப் புத்தகத்தில் படித்ததற்கும் உடம்பில் பட்டதற்கும் வித்தியாசம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், சூறைக்காற்றில் சாய்ந்த வாழையைக் கணக்கெடுத்துவிட்டு ஜமீன் சிங்கம்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி ஒன்றரை இருக்கும். காலையில் கொண்டுபோன ஒரு பாட்டில் தண்ணீரும் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. கால்வாய்ப் பாலத்தருகே வண்டியை நிறுத்தினேன். இடது பக்கம் திரும்ப வேண்டுமா, வலது பக்கமா என்று தெரியவில்லை. பல வருடமாக நான் போய் வரும் பாதை அது. நெற்றியைத் தொட்டேன், வியர்வை இல்லை, உப்புப் பூத்திருந்தது. புளிய மரத்தடியில் பதநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்து, "ஏ தாயி, வண்டிய விட்டு இறங்கு. கண்ணு சொருகுதுல்லா" என்று வந்து கையைப் பிடித்தார். முதலில் ஒரு குடம் தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றினார். கொஞ்சம் தெளிந்த பிறகுதான் பட்டையில் பதநீர் கொடுத்தார். முதலுதவி வகுப்பில் சொல்லித்தரும் வரிசையும் அதுதான். அந்தத் திருப்பத்தில் ஒரு லாரி வந்திருந்தால் இந்தப் பத்தியை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இப்போது வழிக்கு வருவோம். 35 டிகிரிக்கு மேல் போனால் உடம்பைத் திறக்கக் கூடாது, மூட வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, கொஞ்சம் தொளதொளவென்று, மணிக்கட்டுப் பொத்தான் போட்டு. பாலைவனத்து மக்கள் கால்வரை அங்கி போடுவது அழகுக்காக அல்ல. உள்ளே ஒரு பருத்திப் பனியன். கிளம்பும் முன் அந்தப் பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே காய்ந்த சட்டையைப் போடுங்கள். வெளிச்சட்டை காற்றைத் தடுத்து நிதானமாக உள்ளே விடும், பனியனில் உள்ள ஈரம் மெல்லக் காயும், அதுவரை உங்கள் வியர்வை மிச்சம். நனைத்த துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, நுனியைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள். பறக்கும் துண்டு சக்கரத்தில் சிக்கினால் கழுத்து போய்விடும். பின்னால் உட்காரும் பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வதும் இதற்காகத்தான்.

மேற்கே வறண்ட காற்று என்பதால் நம் பக்கம் ஈரத்துணி நன்றாக வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் காய்ந்தும் விடும். அம்பாசமுத்திரம் போய்ச் சேர ஒரு தடவை நனைத்தால் போதும். திருநெல்வேலி வரை என்றால் வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று நிறுத்தி மறுபடி நனைக்கத்தான் வேண்டும். திருச்செந்தூர், தூத்துக்குடி பக்கத்து வாசகர்களுக்கு இந்த உபாயம் பாதிதான் பலிக்கும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் துணி காய்வது மெதுவாகும். அங்கே நேரத்தை மாற்றுவதும் நிழலில் நிற்பதும்தான் வழி.

ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொண்டு போவதற்கு வெயிலைக் காரணம் சொல்கிறார்கள். ஹெல்மெட் தலைக்கும் வெயிலுக்கும் நடுவே இருக்கும் கூரை. உள்ளே மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து கட்டிக்கொண்டு போட்டால் புழுக்கம் பாதி குறையும். வண்டியை நிறுத்தியதும் கழற்றி, நிழலில் கவிழ்த்து வைத்துக் காற்றாட விடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரே பிடியாக ஒரு லிட்டர் குடித்துவிட்டுக் கிளம்புவதைவிட, கிளம்பும் முன் இரண்டு தம்ளர், பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை சில மடக்கு என்பதுதான் நல்லது. வெறும் தண்ணீர் மட்டும் போதாது, வியர்வையில் உப்பும் போகிறது. உப்புப் போட்ட நீராகாரம், நீர்மோர் இரண்டும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. எதுவும் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டும் தலைதட்டி. பதநீர் எனக்குப் பிடித்ததுதான், என்றாலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவு பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கோடையில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால், அன்றைக்கு நீங்கள் குடித்தது போதவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய வழி, பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வண்டியை எடுக்காமல் இருப்பது. எளிதில்லை, தெரியும். ஆனால் சிட்டா, அடங்கல் எடுக்க மதியத்தில் தாலுகா ஆபீஸ் வரை போகிறவர்களை நான் இன்னும் பார்க்கிறேன். பக்கத்து இ-சேவை மையத்திலேயே கிடைக்கும் காகிதத்துக்கு எதற்கு இந்த வெயில்? விதை, உரம் விசாரிக்க விரிவாக்க மையத்துக்கு வருகிறவர்களும் காலையிலேயே வந்துவிடுங்கள். என்னைப் போன்றவர்கள் பிறகு வயலுக்குப் போய்விடுவோம், உங்களுக்கு வந்த வெயிலும் வீண். தென்காசிச் சாலையை நான்கு வழியாக்கியபோது ஓரத்து மரங்கள் போய்விட்டதால் ஒதுங்கி நிற்க நிழலும் முன்போல் இல்லை. எங்கே நிழல் இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய காலம்.

தலை கிறுகிறுப்பு, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு, இவை வந்தால் "இன்னும் மூணு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டாதீர்கள். அந்த மூன்று கிலோமீட்டரில்தான் விழுகிறார்கள். கூட வருகிறவர் பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பு தொட்டால் சுட்டால், அது வெயில் மயக்கத்தைத் தாண்டிய வெப்பத் தாக்கு. உயிர் போகும். நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத்துணி வையுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பக்கத்தில் பம்ப்செட் இருந்தால் நல்லது, ஆனால் வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது கொதிநீர், அதை ஓடவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. காரணம் ஆவணத்தில் பதிவாக வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள்.

"மருந்து அடித்துவிட்டு மதியம் வண்டியில் வரும்போது, போட்டிருக்கும் சட்டையையே நனைத்துக்கொண்டு வரலாமா? சூட்டுக்கு நன்றாக இருக்கிறது."
- கல்லிடைக்குறிச்சி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

கூடவே கூடாது. மேலே நான் சொன்ன ஈரப் பனியன் உபாயம் சுத்தமான துணிக்கு மட்டும்தான். மருந்து பட்ட சட்டையை நனைத்தால் துணியில் காய்ந்திருந்த நஞ்சு கரைந்து தோலில் இறங்கும். வெயிலில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடியிருப்பதால் இன்னும் வேகமாக உள்ளே போகும். தெளித்து முடித்ததும் வயலிலேயே சோப்புப் போட்டுக் குளித்து, மாற்றுத் துணி போட்டுக்கொண்டு வண்டியை எடுங்கள். மாற்றுத் துணி ஒரு பையில் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். மருந்து டப்பாவைக் கழுவி அதில் குடிதண்ணீர் கொண்டுபோகும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, அதையும் விட்டுவிடுங்கள்.

இதில் ஆளைக் குழப்பும் ஒன்று உண்டு. மருந்து நஞ்சேறினாலும் தலை சுற்றும், வாந்தி வரும். வெயில் என்று நினைத்து மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். பாஸ்பரஸ் வகை மருந்தாக இருந்தால் வாயில் எச்சில் ஒழுகும், உடம்பு வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும். சந்தேகம் வந்தால் மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டப்பாவில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் டாக்டர் மாற்று மருந்து கொடுக்க முடியும்.

"தக்காளி, கத்தரி நாற்று டிரேயில் வாங்கி பைக்கில் கொண்டுவந்து நடுகிறேன். இரண்டு நாளில் ஓரம் கருகுகிறது. நாற்று சரியில்லையா?"
- சேரன்மகாதேவி வாசகி

நாற்றின் மேல் பழி போட வேண்டாம். முதல் கேள்விக்காரருக்கு ஆனதுதான் உங்கள் நாற்றுக்கும் ஆகிறது. வண்டிக் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சுகிறது, டிரேயில் உள்ள கைப்பிடி தென்னை நார்க்கழிவு எவ்வளவு தண்ணீர்தான் கொடுக்கும்? கிளம்பும் முன் டிரேயை நன்றாக நனையுங்கள். இலை நசுங்காதபடி அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டியின் வெளிப்புறத்தை ஈரச் சாக்கால் மூடுங்கள். காலை எட்டு மணிக்குள் வீடு வந்துவிட வேண்டும். வந்த அன்றே நடாமல் ஒரு நாள் நிழலில் வைத்து, மறுநாள் சாயங்காலம் நடுங்கள்.

"கோடையில் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் வெடிக்குமாமே?"
- முக்கூடல் வாசகர்

வாட்ஸ்அப்பில் வருடாவருடம் வரும் செய்தி. கம்பெனி சொன்ன அளவு வரை தாராளமாகப் போடலாம், விளிம்பு வழிய மட்டும் போட வேண்டாம். டயர் காற்றைக் காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். மதியம் கூடுதலாகக் காட்டுகிறது என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். கறுப்பு சீட்டில் உட்கார முடியவில்லை என்றால் நிறுத்தும்போது ஒரு சாக்கைப் போட்டு வையுங்கள்.

கார் நெல் நாற்றங்கால் பற்றி அம்பாசமுத்திரம் வட்டாரத்திலிருந்து ஐந்து கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த இதழில்.