பள்ளிக்கு ஒரு மழைமானி

மாண்புமிகு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். ஊர் தூத்துக்குடி மாவட்டம், தாமிரபரணிக் கரை. 2022இல் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியதிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான காலநிலைக் கல்வி பற்றியும் பேச்சு அடிபடுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் கடைசியில் இன்னொரு புத்தகமும், ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று இன்னொரு ஓவியப் போட்டியுமாக அது முடிந்துவிடுமோ என்ற பயத்தில் இதை எழுதுகிறேன்.

பயத்துக்குக் காரணம் உண்டு. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2003இல் அதையே மறுபடி சொல்லவேண்டி வந்தது. பாடம் வந்தது, ஐந்து மதிப்பெண் வினாவாக வந்தது.

எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் சராசரியாக ஓராண்டு முழுவதும் பெய்வதைவிடக் கூடுதல். எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்ததா இல்லையா என்று சென்னையும் டெல்லியும் வாதாடிக்கொண்டன. அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. எச்சரிக்கை வந்தே இருந்தாலும், ‘அதிகனமழை’ என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் என்பது ஆற்றங்கரையில் எத்தனை பேருக்குத் தெரியும்? 20 செ.மீ. பெய்தால் தன் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று யாருக்குத் தெரியும்?

இத்தனைக்கும் இது ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். 95 செ.மீ. என்றால் 950 லிட்டர். ஒரு சென்ட் மனைக்கு 38 ஆயிரம் லிட்டருக்கு மேல். அதாவது சென்டுக்குச் சென்ட், 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி மூன்றைக் கொண்டுவந்து திறந்துவிட்ட மாதிரி. இந்தக் கணக்கைத் தானே அளந்து போட்ட பிள்ளைக்கு ‘சிவப்பு எச்சரிக்கை’ வெறும் நிறமாக இருக்காது. வீட்டில் போய்ச் சொல்லும், பெரியவர்களும் கேட்பார்கள்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி வையுங்கள். வானிலைத் துறை அளக்கும் அதே காலை 8.30 மணிக்குப் பிள்ளைகளே அளந்து, பள்ளி வாசலிலும் ரேஷன் கடைச் சுவரிலும் எழுதிப்போடட்டும். எங்கள் பக்கத்துச் சம்சாரி, அதாவது விவசாயி, மழையை உழவுக் கணக்கில் சொல்லுவார். அவர் ‘ஓர் உழவு மழை’ என்பதும் பிள்ளை மில்லிமீட்டரில் எழுதுவதும் ஒத்துப்போகின்றனவா என்று டீக்கடையில் விவாதம் நடக்குமானால், ஊருக்கான காலநிலைக் கல்வி அங்கேயே தொடங்கிவிட்டது.

மாவட்டத்தில் ஏற்கெனவே கருவிகள் இருக்கின்றனவே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டிய அதே நாளில் திருச்செந்தூரில் பதிவானது 69 செ.மீ.; காயல்பட்டினத்துக்கு அது கூப்பிடு தூரம். அதற்குள் இவ்வளவு வித்தியாசம் என்றால், நடுவே இருக்கும் ஊர்களில் பெய்தது எவ்வளவு?

ஒரு சிக்கல், கொஞ்சம் வேடிக்கையானதும்கூட. நம் பிள்ளைகளுக்கு மழை என்றால் விடுமுறை. கலெக்டர் எப்போது அறிவிப்பார் என்று விடிய விடிய செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அளந்தே ஆகவேண்டிய நாளில்தான் பள்ளி பூட்டிக் கிடக்கும். பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சத்துணவுப் பணியாளரோ, பெற்றோர் ஒருவரோ பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். அவர்களும் அளக்கப் பழகுவது நல்லதுதானே.

இன்னொன்று, தயவுசெய்து இதை எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் ஏற்றச் சொல்லாதீர்கள். ஆசிரியர்கள் ஏற்கெனவே பாதி நாளை அதற்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மதிப்பெண்ணும் வேண்டாம். ஒரு நோட்டுப் போதும். காலநிலை என்று சொல்வதற்கே 30 ஆண்டுச் சராசரி வேண்டும். அந்த நோட்டு கிழியாமல் இருந்தால் சரி.

அளக்கத் தொடங்கும் பிள்ளை ‘ஏன்’ என்றும் கேட்கும். எனக்கு முக்கியமான இடம் இதுதான். காற்று 1 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது மொத்தமாகக் கொட்டிவிடும் என்று ஆசிரியர் சொல்வார். காற்று ஏன் சூடேறியது? நிலக்கரி எரித்ததால். யார் எரித்தது? தூத்துக்குடிப் பிள்ளைக்கு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 210 மெகாவாட் அலகுகள் ஐந்து கொண்ட அரசு நிலையம் அது. வகுப்பில் சிலருடைய அப்பாக்களுக்குச் சோறு போடுவதும் அதுதான். அரசு நிலையத்தைப் பற்றி அரசு ஆசிரியர் பேசலாமா என்று அவர் தயங்கி, துருவக் கரடிக்குத் தாவிவிடுவார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போனதும் இப்படித்தான் நழுவிப்போகிறது. அவை மூழ்கும்படி பவளப்பாறையை வெட்டி எடுத்தவை நம் கைகள் அல்லவா? மின்சாரம் வேண்டும், வேலையும் வேண்டும், புகையும் குறையவேண்டும் என்ற இழுபறியை எட்டாம் வகுப்பு தாங்கும். பேசுகிற ஆசிரியர் மேல் நடவடிக்கை வராது என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

மாநிலம் முழுவதும் உடனே முடியாது என்றால் திருச்செந்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டங்களில் தொடங்குங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அதற்குள் கருவிகள் பள்ளிக்கு வந்து சேரவேண்டும். பயிற்சிக்கு ஒரு நாள் போதும். என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் படிக்காசு கேட்காமல் வருவோம்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையிலிருந்து
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்