கோப்பைக்குள் ஒரு பௌதிகப் பாடம்

"கரண்டியால் கோப்பையைத் தட்டாதே!" இதைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை நம்மில் அரிது. நானும் கேட்டவள்தான். ஆனால் அந்தத் தட்டலுக்குள் உயர்தரப் பௌதிகவியலின் ஒரு பாடமே இருக்கிறது என்று அறிந்த பின், உம்மாவோடு சற்று வாதாடத் தோன்றுகிறது.

சுடுநீரில் உடனடிக் கோப்பித் தூளைப் போட்டுக் கலக்குங்கள். கலக்கியவுடன் கோப்பையின் அடியைக் கரண்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஒலி தாழ்ந்திருக்கும். பின் படிப்படியாக ஏறும். மறுபடி கலக்கினால் மீண்டும் தாழும்.

1982இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஃபிராங் குரோபோர்ட் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். 'சூடான சொக்லேற் விளைவு' என்பது அவர் இட்ட பெயர். காரணம், கலக்கும்போது தோன்றும் நுண்ணிய காற்றுக் குமிழிகள். ஒலி செக்கனுக்கு நீரில் ஏறத்தாழ 1,480 மீற்றரும், காற்றில் ஏறத்தாழ 340 மீற்றரும் செல்கிறது. குமிழி கலந்த நீரோ பாரத்தில் நீரைப் போன்றது. நெருக்கினால் காற்றைப் போல் விட்டுக்கொடுப்பது. ஆகவே அதில் ஒலி காற்றிலும் மெதுவாகச் செல்லக்கூடும். திரவ நிரலின் உயரம் மாறாதிருக்க வேகம் குறைவதால், மீடிறனும் குறைகிறது. குமிழிகள் மேலெழுந்து உடைய, சுருதி மீண்டும் ஏறுகிறது.

"அடர்த்தி கூடிய ஊடகத்தில் ஒலி விரைவாகச் செல்லும்" என்று மனனம் செய்து வைத்திருப்போர் நம்மில் பலர். அது அரைகுறை உண்மை. வேகத்தைக் கூட்டுவது ஊடகத்தின் மீள்தன்மை. அடர்த்தி அதைக் குறைக்கவே செய்கிறது. சூத்திரத்தை எழுதி விடுவோம். அதன் பொருளைக் கேட்டிருக்க மாட்டோம். கோப்பையில் ஒருமுறை கேட்டவளுக்கு இது மறக்காது.

"பரீட்சைக்கு இது வருமா?" என்று பெற்றோர் கேட்கலாம். இதே கேள்வி வராமல் போகலாம். ஆனால் ஏன் என்று கேட்கும் பழக்கம் எந்த வினாத்தாளுக்கும் உதவும். பெண்பிள்ளைக்குப் பௌதிகவியல் கடினம் என்போர், அவளது முதல் ஆய்வுகூடம் வீட்டுக் குசினிதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அங்கே அவள் கேள்வியை அடக்கிவிட்டு, பின்னர் ரியூசனில் அதைத் தேடுவது என்ன நியாயம்?

எனவே உம்மாமாரே, அடுத்தமுறை மகள் கோப்பையைத் தட்டினால் அதட்டாதீர்கள். "என்ன கேட்குது மகள்?" என்று பக்கத்தில் வந்து நில்லுங்கள்.