பேரனின் பல்லியும் குளிர் அறையும்

கற்பிட்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தோஹாவில் இருக்கும் பேரன் கண்ணாடிப் பெட்டியில் புள்ளிப் பல்லியொன்றை வளர்க்கிறானாம். பத்து நாளாகப் புழுவில் அது வாய் வைக்கவில்லை. பல்லியை அடித்தால் நன்மை என்று கேட்டு வளர்ந்த இவர், அடித்துப் போடச் சொல்லியிருக்கிறார். பிள்ளை அழுதவன், இப்போது தொலைபேசிக்கே வருவதில்லையாம். தான் சொன்னது சரிதானா என்று கேட்கிறார்.

வீட்டுப் பல்லியைக் கொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியது ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளதே. ஒரே அடியில் கொன்றால் கூலி அதிகம் என்றும் முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. பேரன் வைத்திருப்பதோ சிறுத்தைப் பல்லி. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட கல் நிலத்தில் வாழ்வது. கண்ணிமை உண்டு, நம் வீட்டுப் பல்லியைப் போல் சுவரில் ஒட்டி ஏறாது. ஹதீஸின் சொல் இதையும் சேர்க்குமா என்று அவசரமாகத் தீர்ப்புக் கூற நான் துணியமாட்டேன். பயனற்ற ஊர்வனவற்றின் வியாபாரம் செல்லாது என்பது நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஆகவே இன்னொன்று வாங்க வேண்டாமென்று மகனிடம் சொல்லுங்கள்.

ஆனால் கைக்கு வந்துவிட்ட உயிரின் கதி? பூனையை அடைத்துவைத்து, தீனியும் கொடாமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தி உங்களுக்குத் தெரியும். பேரன்தான் புழு கொடுக்கிறானே என்பீர்கள். இப்பிராணிக்குச் சூடும் தீனியைப் போலத்தான். நமது உடம்பு தானே சூட்டை உண்டாக்குகிறது. அதன் உடம்புக்கு அது முடியாது. வயிற்றில் சூடு ஏறாவிட்டால் தின்றது செரிக்காது. பிறகு தின்னவே மாட்டாது. இரவும் பகலும் ஏசி ஓடும் அறை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோய் அங்கேதான் இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

பெட்டியின் அடியில், ஒரு பக்கத்தில் மட்டும், மூன்றிலொரு பங்குக்குச் சூடேற்றும் விரிப்பு வைக்க வேண்டும். அந்தப் பக்கத்துத் தரை 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரை இருக்கட்டும்; மறுபக்கம் 25 அளவில் போதும். சூடு வேண்டுமென்றால் வரும், போதுமென்றால் விலகும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியின்றி விரிப்பை இணைக்க வேண்டாம், வயிறு வெந்துவிடும். வெப்பமானியின் முனை தரையில் படவேண்டும்; கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

காற்றின் ஈரப்பதன் 30 முதல் 40 வீதம் போதும். ஆனால் தோல் உரிக்கும்போது ஈரம் தேவை. மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த கடதாசித் துவாயை உள்ளே போட்டால் அதற்குள் போய் உரித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் விரல்களில் தோல் நூலாய் இறுகி, இரத்தம் ஓடாமல் விரலே விழுந்துவிடும்.

விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவர மகன் நினைக்கிறாராம். வேண்டாம். அனுமதியின்றி வெளிநாட்டுப் பிராணியைக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். நம் கரையில் சூட்டுக்குக் குறைவில்லை, ஈரம்தான் அதிகம். கருவாடு காயப்போடும் உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பேரனைக் கூப்பிட்டு, வால் மெலிந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதன் கொழுப்புச் சேமிப்பெல்லாம் வாலில்தான். மெலிந்திருந்தால் விரிப்பு வாங்கும்வரை பார்த்திராமல், இன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.