கணையப் புற்றுநோய்: பொடி எழுத்தையும் படியுங்கள்

டாட்டா ஆஸ்பத்திரி இருக்கிற மும்பையில் வேலை பார்க்கிறேன் என்பதாலேயே ஊரிலிருந்து எனக்குப் போன் வரும். கணையத்தில் புற்றுநோய் என்றதும் நம்ம ஆட்கள் கேட்பது இரண்டே கேள்விகள். "எத்தனை மாசம்?" "எவ்வளவு ஆகும்?" கீமோவைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்கா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்த பேங்க்காரன். ஆனால் மீடியன் என்றால் என்னவென்று தெரியும். நோய் பரவிவிட்டவர்களை வைத்துச் செய்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. ஃபோல்ஃபிரினாக்ஸ் எடுத்தவர்களின் மீடியன் ஆயுள் 11.1 மாதம், ஜெம்சிடபின் மட்டும் எடுத்தவர்களுக்கு 6.8. அதாவது பாதிப் பேர் அதையும் தாண்டி வாழ்ந்தார்கள். இது எஃப்.டி. முதிர்வுத் தேதி இல்லீங்க.

லோன் விளம்பரத்தில் நிபந்தனை பொடி எழுத்தில் இருக்குமே, இதிலும் உண்டு. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 75 வயதுக்கு மேற்படாதவர்கள், எழுந்து நடமாடி லேசான வேலையாவது செய்யக்கூடியவர்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

நாம் என்ன செய்கிறோம்? மஞ்சள்காமாலை என்றதும் ஒரு மாசம் கீழாநெல்லி. அப்புறம் பத்தியம். "முட்டை, பால் கொடுத்தா கட்டிதான் வளரும்" என்று சித்தப்பா வாட்ஸப்பில் அனுப்பினாராம், அதனால் வெறும் கஞ்சி. பத்து கிலோ இறங்கின பிறகு கீமோவுக்குக் கூட்டி வருவது. கடைசியில் "கீமோதான் கொன்னுடுச்சு" என்று பேச்சு!

கல்லீரலுக்குப் பரவியிருப்பது நம் கையில் இல்லை. எடை, தெம்பு, ரத்தத்தில் ஆல்புமின் குறைந்தவர்களுக்கு ஆயுளும் குறைவாக இருப்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. சோறு போட்டால் நோய் போய்விடும் என்று சொல்லவில்லை. நோயே உடம்பை உருக்கும். கூடவே நாமும் ஏன் பட்டினி போட வேண்டும்?

டாக்டரிடம் இதைக் கேளுங்கள். பித்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வேண்டுமா? மலம் எண்ணெயாகப் போகிறதே, சாப்பாட்டோடு கணைய என்சைம் கேப்சூல் தரலாமா? சர்க்கரைக்கு இன்சுலின் வேண்டுமா? வலிக்கு என்ன? என்ன சாப்பாடு, எவ்வளவு?

பத்தியம் சொல்லச் சித்தப்பா நேரிலேயே வந்தால், ஒரு காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுங்கள். நோயாளி தட்டில் முட்டை இருக்கட்டும்.