‘ஓட ஓட செட் ஆயிடும்’ என்பது பதில் அல்ல

ஷெட்டுக்குப் போகும்போது இல்லாத சத்தம் ஷெட்டிலிருந்து திரும்பும்போது கேட்டால், நம் ஊர்ப்பக்கத்தில் அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது: ‘புது சாமான் போட்டிருக்கு, நாலு நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்.’ மெக்கானிக் சொல்கிறார், டிரைவர் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். வண்டிக்குச் சொந்தக்காரரும் அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறார். திண்டிவனம்–மரக்காணம் சாலையில் பெருமுக்கல்லைத் தாண்டி ஓடும் ஜல்லி லாரி, உப்பு லாரி, லோடு ஆட்டோ, வாடகைக் கார் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே மருந்துதான். இது தவறான நம்பிக்கை மட்டுமல்ல, ஆபத்தான நம்பிக்கை. வேலை பார்த்த பிறகு புதிதாக வரும் சத்தம், அந்த வேலையில் ஏதோ ஒன்று முடியாமல் நிற்கிறது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் தடயம். பெரும்பாலும் அதுவே கடைசித் தடயமும்கூட. அதை ஓட்டித் தேய்க்கச் சொல்வது, நோயைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியை மூடச் சொல்வதாகும்.

பழுதுபார்ப்பது வண்டியை எப்போதும் முன்பைவிட நல்ல நிலைக்குக் கொண்டுவருகிறது என்ற எண்ணமே இந்த நம்பிக்கையின் அடித்தளம். அந்த எண்ணத்தை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கணக்குப் போட்டு உடைத்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் வேலை பார்த்த உயிரியலாளர் சி.எச். வாடிங்டன், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த லிபரேட்டர் விமானங்களின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்தார். 50 மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை ஒவ்வொரு விமானத்தையும் பிரித்துச் சோதித்துப் பூட்டுவது அங்கே வழக்கம். பூட்டியவுடன் பழுது குறைவாகவும், அடுத்த சோதனை நெருங்க நெருங்க அதிகமாகவும் இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். பதிவுகள் நேர்மாறாக இருந்தன. சோதனை முடிந்த கையோடுதான் பழுதுகள் அதிகம், பிறகு படிப்படியாகக் குறைந்தன. பிரித்துப் பூட்டும் வேலையே புதுப் பழுதுகளை உண்டாக்கியது. ‘படிப்படியாகக் குறைந்ததே, அதைத்தானே நாங்களும் செட் ஆகும் என்கிறோம்’ என்று ஒருவர் கேட்கலாம். அந்தப் பழுதுகள் பறந்து பறந்து தாமாக மறையவில்லை. ஒவ்வொன்றையும் தரைப்பணியாளர்கள் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள், அதனால் குறைந்தன. வாடிங்டன் எண்ணியதே அந்தச் சரிசெய்தல்களைத்தான்.

பிரிப்பதைவிடப் பூட்டுவது ஏன் இவ்வளவு தவறுக்கு இடம் தருகிறது என்பதை விளக்க, மனிதத் தவறுகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் எளிய எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்வார். ஒரு போல்ட்டில் எட்டு நட்டுகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் மாட்டியிருக்கின்றன. கழற்ற ஒரே வழிதான், ஒன்றன்பின் ஒன்றாக. திரும்ப மாட்ட 40,320 வரிசைகள் உண்டு, அவற்றில் ஒன்றுதான் சரி. ஒரு நட்டையே மாட்டாமல் விடுவது இந்தக் கணக்கில் சேரவில்லை. விட்டுப்போவது எவ்வளவு எளிது என்பதை 2024 ஜனவரி 5 அன்று உலகமே பார்த்தது. அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் பக்கவாட்டுக் கதவடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. 2023 செப்டம்பரில், போயிங் தொழிற்சாலையிலேயே, பக்கத்தில் இருந்த சில ரிவெட்டுகளைச் சரிசெய்வதற்காக அந்த அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். மூடும்போது நான்கு போல்ட்டுகளை மாட்டவில்லை. அதன்பின் அந்த விமானம் 150 முறைக்கு மேல் ஒழுங்காகப் பறந்தது. அவ்வளவு பயணத்திலும் அந்த அடைப்பு ‘செட்’ ஆகவில்லை. ஒவ்வொரு பறத்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கி நகர்ந்தது என்றே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டது. இறுக்கப்படாத ஒன்றின் மேல் ஓட்டம் செய்யும் வேலை இதுதான்.

கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் இதன் வடிவம் வேறு. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து வீசும் காற்றில் உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கிறது, இரும்பு சீக்கிரம் பூக்கிறது. சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். ஹப்பின் முகத்தில், டிஸ்க் உட்காரும் இடத்தில், பொரிந்த துரு அடையாகப் படிந்திருக்கும். புது டிஸ்க் போடுகிறவர் கம்பி பிரஷ்ஷால் அந்தத் துருவை முழுதும் தேய்த்தெடுத்துவிட்டுப் போட வேண்டும். அவசரத்தில் அப்படியே வைத்துச் சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்கினால், ஸ்பானருக்கு அது இறுகிவிட்டதாகத்தான் தெரியும். உண்மையில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே துருப்பொடி இருக்கிறது. வண்டி நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் அந்தப் பொடி நசுங்கிக் கீழே உதிர்கிறது. அது இருந்த இடம் வெற்றிடமாகி, நட்டின் பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. அப்போதுதான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு ‘டக்’ என்று சத்தம் தொடங்குகிறது. இதைத்தான் ‘புது சாமான் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள். ஓட ஓட நட்டு மேலும் தளரும், ரிம்மின் ஓட்டை நீள்வட்டமாகத் தேயும், ஒருநாள் ஸ்டட் முறியும். சக்கரம் மாட்டி ஐம்பது முதல் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்ற விதி இதனால்தான் இருக்கிறது.

இன்னொன்று, லோயர் ஆர்ம் புஷ். வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே ஒரு குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதும் இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கிய நிலையில் பூட்டப்பட்டுவிடுகிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதெல்லாம் ‘கிறீச்’ என்று கேட்கும். சக்கரத்தில் எடை இறங்கிய பிறகு கடைசி இறுக்கு இறுக்க வேண்டும் என்பது தெரியாத மெக்கானிக் குறைவு. ஆனால் ரேம்ப்போ குழியோ இல்லாத ஷெட்டில், தரையில் நிற்கும் வண்டிக்கு அடியில் நுழைந்து அதைச் செய்வது பெரும்பாடு. அந்தச் சத்தம் சில மாதங்களில் நின்றுவிடுவதும் உண்டு. ரப்பர் கிழிந்திருக்கும்.

‘உண்மையிலேயே செட் ஆகும் சத்தங்கள் இல்லையா?’ என்ற கேள்வி நியாயமானது. இருக்கின்றன. புது பிரேக் பேடு, தேய்ந்து வரி விழுந்த பழைய டிஸ்க்கின் மேல் படிந்து உட்கார முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். கடலோரத்தில் இரவெல்லாம் நிறுத்திய காரின் டிஸ்க்கில் மெல்லிய துரு பூத்து, காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் உரசி மறையும். ஆனால் இவற்றுக்கு அடையாளம் உண்டு: பிரேக் மிதிக்கும்போது மட்டும் வரும், ஒவ்வொரு மிதிப்பிலும் குறையும், எதனால் வருகிறது என்று முன்கூட்டியே சொல்ல முடியும். ஆகவே ‘இந்தச் சத்தம் பிரேக் பிடிக்கும்போது இருக்கும், முந்நூறு கிலோமீட்டருக்குள் போய்விடும், போகாவிட்டால் வாருங்கள்’ என்று சொல்லும் மெக்கானிக் ஒரு காரணத்தைச் சொல்கிறார், ஒரு கெடுவும் வைக்கிறார். வெறுமனே ‘செட் ஆயிடும்’ என்பதில் இரண்டுமே இல்லை. எந்தச் சத்தத்துக்கும் பொருந்துகிற பதில் எந்தச் சத்தத்துக்கும் பதிலாகாது.

‘எனக்குப் பலமுறை தானாகவே நின்றிருக்கிறதே’ என்பவர்கள் சத்தம் நிற்பதையும் கோளாறு தீர்வதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். தினமும் கேட்கும் ஓசையைக் காது சில நாளில் ஒதுக்கிவிடும். இடிபட்டுக்கொண்டிருந்த துண்டு தேய்ந்தோ உடைந்தோ விழுந்துவிட்டால் அதன் பிறகு இடிக்க ஏதும் இருக்காது. பல கார்களின் பிரேக் பேடுகளில், தேய்மானம் எல்லையைத் தொட்டதும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடுவதற்கென்றே ஒரு சிறு எஃகுத் தகட்டை வைத்திருக்கிறார்கள். வண்டியை வடிவமைத்தவரே சத்தத்தை ஓர் எச்சரிக்கையாகக் கட்டி அனுப்பியிருக்கும்போது, அது ஓயும்வரை பொறுத்திரு என்று அறிவுரை சொல்ல நமக்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறது?

வேலைக்குப் பிறகு வந்த சத்தமெல்லாம் மெக்கானிக்கின் பிழை என்றும் நான் சொல்லவில்லை. அலைன்மென்ட்டோடு டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால், பின்னால் கோணலாகத் தேய்ந்த டயர் முன்னால் வந்து ‘ஊம்’ என்று இரையும். டயர் முன்பே கெட்டதுதான், இப்போது காதுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. பெருமுக்கல் மலையைச் சுற்றிய குவாரிச் சாலையில் சிதறிக் கிடக்கும் சிறு ஜல்லி ஒன்று, டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகர மறைப்புக்கும் இடையில் சிக்கினால் காரே பிளந்துவிடும்போலக் கிறீச்சிடும். அதை எடுக்க ஐந்து நிமிடம் போதும். வேலையில் கைபட்டு அதே தகரம் வளைந்து டிஸ்க்கைத் தொட்டாலும் இதே சத்தம்தான். எது எது என்று பிரித்தறிய என்ன தொட்டார்கள், சத்தம் எப்போது வருகிறது என்ற இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும். வேகத்தோடு கூடுகிறதா, இஞ்சின் சுற்றோடு கூடுகிறதா? நியூட்ரலில் உருளவிட்டாலும் வருகிறதா? முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ‘கடக் கடக்’ என்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு. இடப்பக்கம் வளையும்போது வலச்சக்கரத்தில் இரைச்சல் கூடினால், எடை ஏறும் அந்த வலப்பக்கத்து பேரிங்கைப் பார்க்க வேண்டும். வேலை முடிந்த அன்றே இவற்றைச் சோதித்தால் விடை தெளிவாக வரும். இரண்டு மாதம் ஓட்டிய பிறகு ஒரு கோளாறு மூன்றாகியிருக்கும், எது முதலில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

‘திரும்பிப் போய்க் கேட்டால் மெக்கானிக் மனம் நோகும், அவர் வேலையைச் சந்தேகிப்பதாகாதா?’ என்ற தயக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வாடிங்டன் கண்ட தரைப்பணியாளர்கள் சோம்பேறிகள் அல்ல. போர்க்காலத்தில் உயிர்ப்பொறுப்போடு வேலை செய்தவர்கள். அவர்கள் கையிலேயே அத்தனை பிழை நேர்ந்தது என்றால், டார்க் ரெஞ்ச்கூட இல்லாமல், மூன்று வண்டியை ஒரே நாளில் முடித்துக்கொடுக்க வேண்டியவர் கையில் நேர்வதில் அவமானம் எதுவும் இல்லை. மறைப்பதுதான் அவருக்குக் கேடு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் வண்டி வேலையும் சேவைதான், அதில் குறைபாடு இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் பில்லும் இல்லாமல், சத்தம் வந்த அன்று என்ன நிலை என்ற பதிவும் இல்லாமல் அங்கே போய் என்ன நிரூபிப்பது? ‘நாலு நாள் ஓட்டுங்க’ என்ற சொல்லை நம்பிக் கழிந்த நாட்கள் வாடிக்கையாளரின் சான்றை மட்டும் அழிப்பதில்லை, தவறே செய்யாத மெக்கானிக்கின் சான்றையும் அழித்துவிடுகின்றன.

கடைசியாக, லோடு ஏற்றினால்தான் கூலி என்றிருக்கும் டிரைவரின் வாதம் இருக்கிறது: ஒருநாள் ஷெட்டில் நின்றால் ஒருநாள் வருமானம் போய்விடும். இந்த வாதத்துக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன், ஏனென்றால் இதில் சோம்பல் இல்லை, தேவை இருக்கிறது. ஆனால் கேட்பது ஒருநாளை அல்ல. வண்டியை எடுக்கும் முன்பே மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதும், முதல் நடையில் லோடு இறக்கும் இடத்தில் வீல் ஸ்பானரை எடுத்து நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதும் சேர்ந்தே அரைமணிக்குள் முடியும். பில்லில் கிலோமீட்டர் கணக்கையும் கழற்றிய பாகங்களின் பெயரையும் ‘நூறு கிலோமீட்டரில் நட்டு இறுக்க வரவும்’ என்ற ஒரு வரியையும் எழுதிக் கொடுக்க ஷெட்டுக்கு ஆகும் செலவு, ஒரு சின்ன நோட்டு.