வில்லுக்கு வாரிசு எங்கே?

நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளின் உயிர்நாடி வில்லுப்பாட்டு. நெல்லைச் சீமையில் தோன்றிய வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, மகிழ்ந்தோம். 2022-ல் அவர் மறைந்தார், இரங்கினோம். விருதும் இரங்கலும் மட்டும் ஒரு கலையை வாழ்விக்குமா?

வில்லிசை ஏட்டைப் பார்த்துக் கற்கும் வித்தையன்று. குடத்தருகே அமர்ந்து பல்லாண்டு பின்பாட்டுப் பாடிய பிள்ளையே நாளை வீசுகோல் ஏந்தும். அவ்விடம் வெறுமையானால் கதைகளும் மாளும்.

ஸ்வீடன் தேசத்தார் 1891-ல் ஸ்கான்ஸென் என்னும் திறந்தவெளிக் காட்சிசாலையை நிறுவினர். கிராமிய நடனமும் கைத்தொழிலும் இன்றும் அங்கே காணக் கிடைக்கின்றன. நமக்கோ கொடைப் பந்தலே போதும். வில்லுக்குழுவை அமர்த்தும் கமிட்டியார், சிறுவனோ சிறுமியோ, கற்கும் பிள்ளை ஒன்றையும் உடன் அமர்த்தி ஊதியம் அளிப்பார்களாக! வாணவேடிக்கைச் செலவில் ஒரு பங்கு இதற்குப் போதும். புகையாய்ப் போகும் பணம் பாட்டாய் நிலைக்கட்டும்!