தாய்ப்பலகையை எதைக்கொண்டு தேர்வது?

மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை பழுதாகிப்போக, நல்ல நிலையிலிருக்கும் புராசஸரை வீணாக்க மனமில்லாமல், அதற்குப் பொருந்தும் வேறொரு பலகையைத் தேடிப் புறப்படுவதோடு, அந்தப் புராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேலே ஓட்டிப் பார்க்கும் ஓவர்கிளாக்கிங் ஆசையையும் விடாத இளைஞர்கள், மலாக்காவின் உம்பாயிலும் மெர்லிமாவிலும் சுற்றுவட்டத்துத் தோட்டங்களிலும் இன்று அபூர்வமானவர்கள் அல்லர். கடைக்காரர் அவர்கள்முன் எடுத்து வைக்கும் பெட்டியின்மீது வர்ண விளக்குகளின் படமும், பதினாறு பதினெட்டு என்ற ஃபேஸ் எண்ணிக்கையும், மெகாஹெர்ட்ஸ் கணக்குகளும் பளபளக்கின்றன. அந்தப் பலகை நம் ஊர் உஷ்ணத்தில் மூன்று வருஷம் தாங்குமா என்ற கேள்விக்கு இவற்றுள் ஒன்றேனும் விடை சொல்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஓவர்கிளாக்கிங் ஆசை ஏழைகளின் ஆசையாகத்தான் பிறந்தது. 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவான புராசஸரை, அதன் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, 300-க்குப் பதிலாக 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியவர்கள், அதைவிடப் பன்மடங்கு கிரயமுள்ள புராசஸரின் பலனை அனுபவித்தார்கள். ஜம்பர்களைப் பிடுங்கிச் சொருகும் தொல்லையின்றி, பயாஸ் திரையிலேயே வேகத்தை மாற்ற இடங்கொடுத்த ஏபிட் பிஎச்6 பலகை அதனால் பெரும் கீர்த்தி பெற்றது. 2011-க்குப் பிறகோ நிலைமை தலைகீழாயிற்று: இன்டெல்லில் கே என்று முடியும் புராசஸரும் இசட் வரிசைச் சிப்செட்டும் சேர்ந்தாலொழிய வேகத்தைக் கூட்டப் பெரும்பாலும் வழியில்லை. ஏஎம்டியில் பி450, பி550, பி650 போன்ற நடுத்தரப் பலகைகளே இதற்கு அனுமதி தருவதால், கைக்கு அடக்கமாகச் செலவிட நினைப்பவருக்கு அந்தப் பக்கமே உசிதம் என்பேன்.

இனி மின்சக்தியின் விஷயம். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் புராசஸர் ஏற்கும் 1.3 வோல்ட் அளவுக்கு இறக்கித் தருவது, புராசஸரின் சாக்கெட்டை ஒட்டி வரிசையாக அமைந்த விஆர்எம் பகுதி; பெட்டியின்மீது எண்ணிக் காட்டும் ஃபேஸ்கள் இதன் கூறுகளே. 200 வாட் உண்ணும் புராசஸருக்கு 1.3 வோல்ட்டில் ஏறத்தாழ 150 ஆம்பியர் பாய வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த இடத்தின் பாரம் புலப்படும். அங்கே மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் சில்லுகளைச் செய்கிற கம்பெனிகளுள் ஒன்றான இன்ஃபினியன், சீமென்ஸிடமிருந்து 1999-இல் பிரிந்தது. அதன் மலாக்கா தொழிற்சாலை 1973-லிருந்து நடந்துவருவது. ஷிப்டுக்குப் பஸ் ஏறும் நம்மவர்களின் கைபட்ட சில்லு ஒன்று, உலகத்தைச் சுற்றி, விளம்பர அலங்காரத்தோடு நம்மிடமே விலைக்கு வருவது அசம்பாவிதமல்ல.

வோல்ட்டேஜைப் பத்து சதவீதம் உயர்த்தினால் உஷ்ணமும் பத்து சதவீதம் உயரும் என்று எண்ணுவது பிழை. அது வர்க்கமாகப் பெருகுவதால் அதே வேகத்திலும் இருபத்தொரு சதவீதம் கூடிவிடும். குளிர்சாதன அறையில் பரீட்சித்து வெளிநாட்டவர் எழுதும் மதிப்புரைகளை, மத்தியானத்தில் முப்பத்திரண்டு பாகை தகிக்கும் தாமான் வீட்டு அறைக்கு அப்படியே பொருத்த முடியாது. எலெக்ட்ரோலிடிக் கப்பாசிட்டரின் ஆயுள், உஷ்ணம் பத்துப் பாகை ஏறும்தோறும் ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய பிரமாணம். ஆகையால் ஃபேஸ் எண்ணிக்கையைவிட, விஆர்எம் மீதுள்ள அலுமினியம் கனமாகவும் காற்றுப் புகும் மடிப்புகளோடும் இருக்கிறதா, அல்லது பிளாஸ்டிக் மூடிக்கு வெள்ளி வர்ணம் அடித்திருக்கிறார்களா என்று தொட்டுப் பார்ப்பது மேல். உஷ்ணம் மாத்திரம் பகையல்ல: உம்பாய் கடற்கரையில் மீன் சுடும் கடைகளுக்கு ருசி சேர்க்கும் அதே உப்புக்காற்று செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றும்; வெதுவெதுப்பை நாடிப் பெட்டிக்குள் நுழைந்து பலகையைக் கெடுக்கும் பல்லியின் கதையைப் பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

நல்ல பெயர் மாத்திரம் காப்பாற்றாது என்பதற்கு அந்த ஏபிட் கம்பெனியே சாட்சி. 2000-க்குப் பின்வந்த சில வருஷங்களில் பல கம்பெனிகளின் பலகைகளில் தரக்குறைவான கப்பாசிட்டர்கள் தலை உப்பி, பழுப்பு நீர் கசிந்து செத்தபோது, அதன் பலகைகளும் தப்பவில்லை. 2008-இன் முடிவில் அது இந்தத் தொழிலையே விட்டது. இன்றைய வியாதி வேறு விதமானது. 2023-இல் சில பலகைகள் ஏஎம்டி ரைசன் 7000 புராசஸர்களுக்கு மிகையான வோல்ட்டேஜ் கொடுத்து அவற்றைக் கருக்கவே, அவற்றின் எஸ்ஓசி என்னும் உட்பகுதிக்குரிய வோல்ட்டேஜ் 1.3-ஐத் தாண்டலாகாது என்று ஏஎம்டி வரம்பு கட்டிற்று. 2024-இல் இன்டெல்லின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைப் புராசஸர்கள் நிலைதடுமாறியதற்கு அவற்றின் உள்ளிருக்கும் கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடே பிரதான காரணமாக இருந்தாலும், இன்டெல் குறித்த சக்தி வரம்புகளைப் பலகைக்காரர்கள் தாமாகவே அவிழ்த்துவிட்டதும் அம்பலத்துக்கு வந்தது. வாங்கியவர் கேளாமலே ஓவர்கிளாக் செய்யும் பலகையை உயர்ந்த சரக்கென்று விற்பது எந்த நியாயம்? வரம்பை வரம்பாகவே வைத்துத் தந்து, மீறுவதை உரிமையாளரின் விருப்பத்துக்கு விடும் பலகையே, ஓவர்கிளாக்கிங்கில் நாட்டமுள்ளவருக்கும் நம்பத் தகுந்தது.

பழைய பலகைக்கு மாற்று தேடுவோருக்கு வேறு சங்கடங்களும் உண்டு. இன்டெல் சாக்கெட்டுகள் 1151, 1200, 1700, 1851 என்று மாறிக்கொண்டே போக, ஒரே இசட்690 சிப்செட்டில்கூட டிடிஆர்4, டிடிஆர்5 என இருவகைப் பலகைகள் உண்டென்பதால், கையிலுள்ள ரேம் செருகலில் ஏறாது போகலாம். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமமும் பழைய பலகையோடு பிணைந்திருக்கக்கூடும். உதிரிப் பாகங்கள் நியாயமான காலம்வரை கிடைக்கும்படி உற்பத்தியாளரும் விற்பவரும் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று நம் 1999-ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் இரண்டு தலைமுறைக்கு முந்திய பலகையைக் கேட்டால் கடையில் கிடைப்பது தலையசைப்புத்தான். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இதைப் பற்றி ஒருவராவது வழக்காடிப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாளைய விருப்பம்.

அதுவரை இணையத்தில் விற்கும் பழைய பலகையே பலருக்குக் கதியென்றால், சில நூறு வெள்ளியைக் கையிலிருந்து விடுவதற்குமுன், சாக்கெட்டின் மூடியை விற்பவர் எதிரிலேயே தூக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணூசிகளில் ஒன்றேனும் சாய்ந்திருக்கிறதா என்று சாய்வெளிச்சத்தில் பார்த்து, கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளட்டும். வளைந்த ஊசிக்குக் கம்பெனிகளின் உத்தரவாதம் பெரும்பாலும் பொறுப்பேற்பதில்லை.